மூன்றாவது குரல்

"அப்பா, எனக்கு வெட்கமா இருந்துச்சுன்னு சொன்னா கடவுள் விட்டுடுவாரா?"

மகள் ஆறு வயதில் கேட்டது. ஆபத்து வருவதைக் கண்டும் ஊரை எச்சரிக்காத காவல்காரனிடம் கடவுள் பழி கேட்ட கதையை அன்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டார். இப்போது அவள் வேறொரு ஊரில் தன் பிள்ளைக்குக் கதை சொல்கிறாள். கேள்வி மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

இந்தச் சனிக்கிழமை மத்தியானம் அது நினைவுக்கு வரக் காரணம், லிஃப்ட் கதவுக்கு மேலிருந்த எண்பலகை. மைனஸ் இரண்டு என்று காட்டியது. அந்த அலுவலகக் கட்டடத்துக்குக் கீழ்த்தளம் ஒன்றுதான். லிஃப்ட்காரராகிய அவர் உட்கார்ந்திருந்ததே அந்தத் தளத்தில், கதவுக்கு நேர் எதிரே.

ஸ்பேனர் என்று எல்லோரும் கூப்பிடும் லிஃப்ட் மெக்கானிக் இருந்திருந்தால் பலகையை ஒரு தட்டுத் தட்டி, "இதுக்கும் உங்கள மாதிரி வயசாயிடுச்சு அண்ணே" என்றிருப்பான். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை அவனை அவன் மனைவி எழுப்பியபோது அவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது.

லிஃப்ட் குழிக்குள் ஆள் இறங்கியிருந்தால், ஓட்டுவதற்கு முன் மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து பதில் வந்தபிறகே பொத்தானைத் தொடலாம். ஒன்பது வருடம் முன்பு, பிரேக் விட்டுப்போய் லிஃப்ட் தானாகவே இறங்கியபோது, லிஃப்ட்காரர் போட்ட மூன்றாவது கூச்சலில்தான் குழிக்குள் இருந்த ஸ்பேனர் மூலைக்கு உருண்டு பிழைத்தான். வெளியே வந்து, "உங்களுக்கு ஒரு குரல் பாக்கி வச்சிருக்கேன் அண்ணே" என்றான்.

போன வாரம் இதே பெஞ்சில் அவன் கேட்டான். "வாராவாரம் சர்ச்சுக்குப் போறீங்களே அண்ணே, என்னை மாதிரி ஆளுக்கு அங்க என்ன ஏற்பாடு? மேலயா, நேரா கீழயா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நெஜமாத்தான் கேக்கறேன். ராத்திரியெல்லாம் தூக்கமே வர்றதில்ல" என்றான்.

நரகத்தைப் பற்றியும் அதிலிருந்து தப்பும் வழியைப் பற்றியும் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. இவ்வளவு வருடச் சிநேகிதத்தில் இதைப் போய்ச் சொல்வதா என்று கூச்சமாக இருந்தது.

"சாப்பிடற நேரத்துல எதுக்குய்யா அதெல்லாம்? நீ நல்லவன். ஒண்ணும் ஆகாது."

தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தார். அதை அன்பு என்றே நம்பினார்.

மைனஸ் மூன்று.

கதவுக்குப் பின்னால் இரும்புக் கயிறு மெல்ல முனகிக்கொண்டு இறங்குவதும், இறங்க இறங்க அந்த முனகல் தேயாமல் தடித்துக்கொண்டே வருவதும், மசகு எண்ணெயோடு ஸ்பேனர் கை கழுவும் மலிவான சோப்பின் வாசனை கதவிடுக்கில் கசிவதும், ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு உறைத்தன. சிமென்ட் தரை செருப்பையும் மீறிச் சுட்டது. மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தார். அறை விளக்கு போயிற்று. எண்பலகை போகவில்லை.

மைனஸ் ஏழு. மைனஸ் பன்னிரண்டு.

இன்டர்காம் ஒலித்தது. எடுக்கக்கூடாது என்று நினைத்தார். எடுத்தார்.

"அண்ணே."

மூச்சு வாங்கும் குரல். வெகு ஆழத்திலிருந்து.

"குரல் குடுக்கலையே அண்ணே."

கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்ப்பா."

"அப்புறம் ஏன்?"

"வெட்கமா... வெட்கமா இருந்துச்சு."

மறுபக்கத்தில் வேறு பலரும் மூச்சுவிடுவது கேட்டது.

"சரி, விடுங்க" என்றான் ஸ்பேனர், ரொட்டியை வாங்கிக்கொண்ட அதே இதமான குரலில். "என் பாக்கி ஒண்ணு இருக்கே. அதைத் தீர்த்துடறேன்."

மைனஸ் பதினொன்று. மைனஸ் பத்து.

"அண்ணே, மேல வருது."

படிக்கட்டு மூன்றே எட்டு வைக்கும் தூரம். கால் அசையவில்லை.

மைனஸ் ஐந்து.

"அண்ணே, வருது! உங்களுக்குத்தான் வருது!"

பதில் குரல் கொடுக்க வேண்டும். வழக்கம் அதுதான். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மைனஸ் இரண்டு.

மூன்றாவது குரல் ஒரு கூச்சல். ஒன்பது வருடம் முன்பு அவர் போட்ட அதே கூச்சல், அதே நடுக்கத்தோடு. பிறகு தொடர்பு அறுந்தது. மூன்றும் சொல்லியாயிற்று. கேட்டது அவர் ஒருவர்தான்.

மணி ஒலித்தது.

கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.

வெளிச்சம் தரையில் ஊர்ந்து அவர் செருப்பைத் தொட்டது. அவர் நிழல் பின்னால் விழவில்லை. முன்னால் விழுந்தது. வெளிச்சத்தை நோக்கி, கதவிடுக்கை நோக்கி, நீண்டுகொண்டே போயிற்று.