சோலார் பலகைக்கு ஒரு சட்டை

அன்று காலையிலிருந்தே தும்பிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவளுடைய நிஜப் பெயர் வேறு. ஓர் இடத்தில் அவள் ஐந்து நிமிடம் உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. அதனால் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தும்பி என்ற பெயரே நிலைத்துவிட்டது.

ஆனால் இன்று அவள் துள்ளுவதற்கு நல்ல காரணம் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு அவளுடைய அம்மா வகுப்பெடுக்கப் போகிறார். அதுவும் எங்கிருந்து? வானத்திலிருந்து.

வானம் என்றால் முழு வானம் இல்லை. அம்மாவுக்குக் காற்றாலையில் வேலை. வெட்ட வெளியில், ராட்சத இறக்கைகளோடு நிற்குமே, அதன் உச்சிக்கு ஏறிப் பழுது பார்ப்பவர் அவர். வேலை வெகு தூரத்தில். அவர் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் அப்பாதான் தும்பிக்குத் தலை பின்னுகிறார். அதனால்தான் அவளுடைய ஒரு சடை காதுக்கு மேலேயும், இன்னொன்று காதுக்குக் கீழேயும் தொங்கும்.

இந்த மாதம் முழுக்க டீச்சர் அறிவியல் வகுப்பில் சூரியனையும் காற்றையும் பற்றியே பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "காத்துல இருந்து கரண்ட் வருதுன்னு நான் சொல்றதைவிட, அங்கேயே நிக்கிறவங்க சொன்னா நல்லாருக்கும்" என்று அவரே அம்மாவிடம் பேசி ஏற்பாடு செய்தார். அம்மா காற்றாலை உச்சியிலிருந்து போனில் பேசுவார். வகுப்பில் உள்ள பெரிய திரையில் எல்லோரும் பார்க்கலாம்.

நாளை முதல் அம்மாவுக்கு மலைக்கு அப்பால் வேலை. அங்கே போன் எடுக்காது. அதனால் இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

இதில் தும்பிக்கு இன்னொரு கணக்கும் தீர வேண்டியிருந்தது. "உங்கம்மா மேல எல்லாம் ஏற மாட்டாங்க. கீழ நின்னு நட்டு எடுத்துக் கொடுப்பாங்க. சும்மா ரீல் விடாதே" என்று போன வாரம் மந்திரி சொல்லியிருந்தான்.

மந்திரி அவள் வகுப்புப் பையன். டீச்சர் ஆளுக்கொரு பொறுப்பு கொடுத்தபோது, பள்ளியின் சோலார் பலகையைத் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அவன் சோலார் மந்திரி. நடையே மாறிவிட்டது.

தும்பி வகுப்புக்குள் குதித்து நுழைந்தாள். உள்ளே டீச்சர் மூலையில் இருந்த பேட்டரிப் பெட்டியின் முன்னால் குனிந்து நின்றிருந்தார். பெட்டியில் வழக்கமாக எரியும் பச்சை விளக்கைக் காணோம். சிவப்பு எரிந்தது.

"பேட்டரி காலியாகப் போகுது. எப்படின்னுதான் புரியல" என்றார் டீச்சர்.

போன வாரம் அடித்த புயலில் ஊர் மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. இன்னும் கரண்ட் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊரே பள்ளிக்கூடத்துக்கு வந்து போனுக்கு சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனது. எடுக்க எடுக்க வெயிலிலிருந்து ஊறிக்கொண்டே இருக்கும் என்று நினைத்துத்தான் டீச்சர் சாவியைக் கொடுத்தார். ஆனால் ஊறவில்லை.

"உங்க போன்லயே அம்மாவைப் பார்த்துடலாமே டீச்சர்?"

"என் போன் நேத்தே அணைஞ்சு போச்சும்மா. அதுவும் இந்தப் பெட்டியைத்தான் நம்பியிருக்கு."

 "நான் போய் பலகையைப் பார்த்துட்டு வரேன் டீச்சர்" என்றாள் தும்பி. பதில் வருவதற்குள் பாதி தூரம் ஓடிவிட்டாள்.

சோலார் பலகை பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், இடுப்பு உயர இரும்புக் காலில், வயலைப் பார்த்தபடி நிற்கும். அந்தப் பக்கம் மந்திரியைத் தவிர யாரும் போவதில்லை. சுவரைச் சுற்றி வந்த தும்பி அப்படியே நின்றுவிட்டாள்.

பலகை சட்டை போட்டிருந்தது.

நல்ல தடித்த நீலத் துணி. அதில் வெள்ளைப் பூக்கள். சுற்றிலும் சுருக்கு வைத்துத் தைத்த ஓரம். நான்கு மூலையிலும் நாடா முடிச்சு. நடுவில் மஞ்சள் நூலில் ஒரு சூரியன் பல்லைக் காட்டிச் சிரித்தது. அதே நீலப் பூத்துணியில்தான் மந்திரியின் புத்தகப் பையும் இருந்தது. அவனுடைய அம்மா தையல்காரர்.

தும்பிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் வகுப்பு நடுவில் நின்று, "இந்த மந்திரி செஞ்ச வேலையைப் பாருங்க" என்று கத்தலாமா என்று யோசித்தாள். கத்தினால் நன்றாகத்தான் இருக்கும்.

"எப்படி இருக்கு?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

மந்திரி கையில் ஈரத்துணியோடு நின்றிருந்தான். முகமெல்லாம் பெருமை.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டினேன். எங்கம்மாவை நச்சரிச்சு நச்சரிச்சு தைக்க வச்சேன். காக்கா எல்லாம் பலகை மேல அசிங்கம் பண்ணுதுல்ல? இன்னைக்கு உங்கம்மா பேசும்போது பலகையைக் காட்டச் சொன்னா என்ன பண்றது? பளபளன்னு இருக்க வேணாமா?"

தும்பி சட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.  ரீல் என்று சொன்னவன், அவள் அம்மாவுக்காகச் சட்டை தைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

"உள்ள சிவப்பு விளக்கு எரியுதுடா" என்று மட்டும் சொன்னாள்.

"அது எப்படி? வெயில் சூடு துணி வழியா போகுமே. எங்க வீட்டுல கூரை வழியாவே இறங்குது. நிழல்ல நின்னாலும் வேர்த்துக் கொட்டுது."

தும்பிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. டீச்சர் சோலார் பாடம் நடத்திய அன்று இவன் காய்ச்சலில் படுத்திருந்தான். அவள் துணிக்கடியில் கையை விட்டுப் பலகையைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"நீ சொல்றது சரிதான். சூடு இறங்கியிருக்கு. ஆனா இதுக்குச் சூடு வேணாமாம். வெளிச்சம்தான் வேணுமாம். இரு, காட்டறேன்."

அவள் வகுப்புக்கு ஓடி, அலமாரியிலிருந்த பொம்மைக் காற்றாடியை எடுத்து வந்தாள். உள்ளங்கை அளவு சோலார் பலகை வைத்த காற்றாடி அது. வெயிலில் பிடித்ததும் விர்ரென்று சுற்றியது.

"இப்ப உன் ஈரத்துணியால அந்தக் குட்டிப் பலகையை மூடு."

மந்திரி மூடினான். காற்றாடி நின்றது. துணியை எடுத்தான். சுற்றியது. திரும்ப மூடினான். நின்றது. எத்தனை முறை மூடித் திறந்தாலும் அது பேச்சு மாறவில்லை. மந்திரியின் முகம்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. உங்கம்மாவையும் பார்க்க முடியாது. எல்லாம் என்னால" என்றான். குரல் கரகரத்தது.

"யாரு சொல்லப் போறா? அழுறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. அந்தப் பக்க முடிச்சை அவிழ்."

இருவரும் சட்டையைக் கழற்றினார்கள். தும்பி அதைச் சுருட்டித் தன் பைக்குள் திணித்தாள். பலகையின் மேல் வெயில் சுள்ளென்று விழுந்தது. மந்திரி ஒரு தூசி விடாமல் துடைத்தான்.

"பலகையை ஏதோ மூடியிருந்தது டீச்சர். எடுத்துட்டோம்" என்றாள் தும்பி வகுப்புக்கு வந்து.

தும்பியின் பையிலிருந்து எட்டிப் பார்த்த நீலச் சுருக்குத் துணியை டீச்சர் பார்த்தார். மந்திரியின் முகத்தையும் பார்த்தார். "சரி" என்றார். 

"சாயங்காலம் வரைக்கும் வெயில் இருக்கு. ஆனா ஒரு சொட்டுக் கரண்ட்கூட வீணாகக் கூடாது. என்னென்ன ஓடுது, பாருங்க."

அவ்வளவுதான், வகுப்பு தேனீக்கூடு மாதிரி கிளம்பிவிட்டது. ஒருத்தி விளக்கை அணைத்தாள். இருவர் ஜன்னல்களைத் திறந்தார்கள். சார்ஜில் கிடந்த யாரோ ஒரு மாமாவின் போனைக்கூடப் பிடுங்கி வைத்தார்கள். எல்லாம் நின்ற பிறகும் எங்கேயோ கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம்.

பெரிய சாரின் அறையில் ஓடும் ஃபேன்.

பெரிய சார் என்றால் தலைமை ஆசிரியர். நல்லவர்தான். ஆனால் வேர்த்தால் அவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் இன்னும் வேர்க்கும். "யார் போய்க் கேக்கறது?" என்று வகுப்பே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

மந்திரி எழுந்தான். தும்பியும் கூடவே போனாள்.

"சார், ஃபேனை நிறுத்தணும்."

"எதுக்கு?"

மந்திரி ஓரடி முன்னால் வந்தான். "பேட்டரி காலி சார். நான்தான் சோலார் பலகைக்கு உறை போட்டு மூடிட்டேன். அழுக்காகக் கூடாதுன்னு."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய தொப்பை முதலில் குலுங்கியது, பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது.

"எங்க வீட்டு டிவிக்கும் உறை உண்டுடா. ஆனா படம் பார்க்கும்போதாவது கழட்டுவோம்" என்றவர், எழுந்து போய் ஃபேனைத் தானே நிறுத்தினார். ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொண்டார். "போங்க, போங்க. நான் வேர்க்கறதுக்குள்ள போயிடுங்க."

மதியம் வரை வகுப்பில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நடுவில் ஒரு குண்டு மேகம் வந்து சூரியனை மறைத்தபோது, ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள்கூட வெளியே ஓடிவந்து "போ, போ" என்று கையை வீசின. மேகம் அதன் பாட்டுக்கு ஆடி அசைந்து போனது. சிவப்பு விளக்கு மஞ்சளானது. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், தும்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை எரிந்தது. வகுப்பு போட்ட கூச்சலில் பெரிய சார் அட்டையோடு ஓடிவந்துவிட்டார்.

டீச்சர் தன் போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் ஏற்றி, அதைத் திரையோடு இணைத்தார். மணி அடித்தது.

"தும்பி, தெரியுதா?" அம்மாவின் குரல்.

குரல்தான் கேட்டது. எதிர் ஜன்னல் வழியாகச் சாய்ந்த வெயில் நேராகத் திரையில் விழுந்தது. கண் கூசியதே தவிர, அம்மா தெரியவில்லை. ஜன்னலுக்குக் கதவு இருந்தது. ஆனால் சாத்த முடியாமல் புயலில் வளைந்து போயிருந்தது.

தும்பி மந்திரியைப் பார்த்தாள். பிறகு தன் பையைப் பார்த்தாள். 

மந்திரி ஒரு நிமிடம் தயங்கினான். அப்புறம் தானே அவளுடைய பைக்குள் கையை விட்டு, நீலச் சட்டையை உருவி, பெஞ்சில் ஏறி ஜன்னல் கம்பியில் நாடாக்களைக் கட்டினான். சூரியன் பல்லைக் காட்டிச் சிரித்தது. அறை இருட்டானது.

"என்னடா இது?" என்று யாரோ கேட்டார்கள்.

"சோலாருக்கு நான் தச்சு வாங்கின சட்டை. அதுக்குப் பிடிக்கல. ஜன்னலுக்குப் பிடிச்சிருக்கு" என்றான் மந்திரி. வகுப்பு சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

திரையில் அம்மா. தலையில் மஞ்சள் தொப்பி, இடுப்பில் கயிறு, பின்னால் வானம், வானம், வானம். கீழே வீடுகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. 

"அடியே, யாருடி உனக்குச் சடை போட்டது?" என்றார் அம்மா முதல் வேலையாக.

"அப்பா."

"தெரியுது, தெரியுது."

அம்மா போனைத் திருப்பி, பக்கத்துக் காற்றாலை சுற்றுவதைக் காட்டினார். தான் நிற்கும் காற்றாலையை நிறுத்திய பிறகே மேலே ஏறியதாகச் சொன்னார். காற்று இறக்கையைத் தள்ளுவதையும், இறக்கை உள்ளே இருக்கும் இயந்திரத்தைச் சுழற்றுவதையும், அதிலிருந்து மின்சாரம் பிறப்பதையும் கையைச் சுற்றிச் சுற்றிச் சொன்னார். யாரும் கண் சிமிட்டவில்லை.

"யாருக்காவது கேள்வி இருக்கா?"

மந்திரியின் கைதான் முதலில் உயர்ந்தது. "அத்தை, இறக்கை அழுக்காகாம இருக்க உறை போடுவீங்களா?"

பெரிய சார் அட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"உறை போட்டா அதுல எப்படிப்பா காத்து படும்?" என்றார் அம்மா.

"அதான அத்தை. நானும் அதைத்தான் இவங்களுக்குச் சொல்லிட்டு இருக்கேன்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. என்ன ஏது என்று தெரியாமல் அம்மாவும் சிரித்தார். கையை ஆட்டி, "தும்பி, மழைக்காலத்துக்கு முன்னாடி வந்துடுவேன். அதுவரைக்கும் அந்தச் சடையோட இரு" என்றார். தும்பி இரண்டு கைகளையும் ஆட்டினாள். திரை அணைந்த பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

பள்ளி விட்டதும் வாசலில் மந்திரியைச் சுற்றி ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் நின்றிருந்தன.

"தும்பியோட அம்மாவை நான் பார்த்தேன். எவ்ளோ உயரம் தெரியுமா? வழியில வர்ற மேகத்தை எல்லாம் கையால தள்ளி விட்டுட்டுத்தான் வேலை பார்க்கறாங்க."

அப்பட்டமான ரீல். தும்பி அதைத் திருத்தவே இல்லை.