நரிக்கு இடது கன்னத்தில் மரு

சிவகாசி அச்சுக்கூடத்தில் ஒரு பிணம்!

ஓவியர் சவரிராஜ். பட்டாசுக் கட்டுக்கு லேபிள் வரைகிறவர். மண்டை பிளந்திருந்தது... பக்கத்தில், நேற்று அவர் படம் வரைந்த அச்சுக்கல் தூள் தூளாக!

தினம் சண்டை, பெண்டாட்டிதான் கொன்றிருப்பாள் என்று முதலாளி கண்ணுச்சாமி அடித்துச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்டாட்டி, நர்ஸ் இசபெல், லாக்கப்பில். சாயங்காலம் கோர்ட். அப்புறம் கயிறுதான்.

இன்ஸ்பெக்டர் நேசகுமாருக்கு மனசு ஒப்பவில்லை. நேற்று புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்தது என்று இசபெல் அழுதுகொண்டே கொடுத்த லேபிளை மறுபடி பார்த்தார். அச்சானதே அந்த ஒன்றுதானாம்.

ஜரிகை வேட்டி கட்டிய நரி. கன்னத்தில் மரு. பட்டாசுக்குத் திரி வைக்கும் கோழிகளுக்கு லட்டு ஊட்டுகிறது. அவருக்குச் சிரிப்பு வந்தது.

சட்டென்று நின்றது... நரியின் இன்னொரு கை ஒரு கோழியின் இடுப்பில்! கடைவாயில் இறகு!

சீ...

லேபிளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணுச்சாமியைக் கூப்பிட்டார்.

வந்தார். வத்தல் வியாபாரத்தில் கொழுத்து, போன மாசம் அச்சுக்கூடம் வாங்கியவர். வெற்றிலை எச்சிலைத் துடைத்த விரலை நாற்காலியிலேயே தேய்த்தார். கருமம்!

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விருதுநகரில் இருந்தேன், காலையில்தான் வந்தேன் என்றார்.

"சவரிராஜ் ஒரு நரி வரைஞ்சிருக்காரு. மரு வச்ச நரி. அது நீங்கதான்னு வேலைக்கு வர்ற பொம்பளைக சிரிக்காகளாமே மொதலாளி?"

கண்ணுச்சாமிக்கு முகம் சிவந்தது.

"கூறுகெட்ட களுதைக. எனக்கு மரு வலது கன்னத்துல. அந்த நரிக்கு இடது கன்னத்துல. அது எப்படிய்யா நானாகும்?"

"படத்தைப் பாத்தீகளோ?"

"அது... அச்சடிச்சதை யாரோ காலையில காட்டுனாக."

நேசகுமார் லேபிளைத் திருப்பிப் போட்டார்.

மரு, நரியின் வலது கன்னத்தில்!

"கல்லுல எல்லாத்தையும் இடவலம் மாத்தித்தான் வரைவாக. காகிதத்துல விளுந்தாத்தான் நேராகும். இடது கன்னத்துல மருவைப் பாக்கணும்னா கல்லைத்தான் பாக்கணும். அந்தக் கல்லை ராத்திரியே உடைச்சாச்சே... விருதுநகர்ல இருந்துக்கிட்டு எப்படிப் பாத்தீக?"

வெற்றிலை எச்சில் கண்ணுச்சாமியின் சட்டையில் ஒழுகியது.

"செல்லச்சாமி, அந்தம்மாவை வெளிய விடு. இந்தாளை உள்ள போடு. விலங்கு மாட்டுனதும் உன் கையைச் சோப்புப் போட்டுக் களுவிக்க" என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார் நேசகுமார்.

பிறகு லேபிளை இன்னொரு தடவை பார்த்தார்.

"சவரிராஜ் ஒரு தப்புப் பண்ணிட்டாரு மொதலாளி... உங்களுக்கு இருக்கிற புத்திக்கு நரியையா வரையிறது?"