இழுக்காத ரம்பம்

பேராவூரணியில் புது ரம்பம் வாங்குகிறவர்களைப் பார்த்து ஜனங்கள் பரிதாபப்பட்டார்கள். புதுசு மலிவு, கடைக்காரரே கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தருவார். ஆனால் அதற்குள் கை இருக்காது. கைநினைவுச் சில்லு வந்த பிறகு, மரம் அறுக்கும் மின்ரம்பம் ஒவ்வொன்றும் தன்னைப் பிடித்தவரின் கையை வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டது. எங்கே அழுத்தினார், எங்கே நிதானித்தார், எல்லாம் அதில் பதிந்துவிடும். பிறகு அதை யார் பிடித்தாலும் சரி, கைப்பிடிக்குள் இருக்கும் குட்டி மோட்டார்கள் அவர் மணிக்கட்டைத் தள்ளி, பழைய கை அறுத்த விதமாகவே அறுக்க வைக்கும். 'கைச்சந்தை' என்ற விளம்பரச் செயலியில் 'ஒரே கை, விபத்து இல்லை' என்று ஒரு பழைய ரம்பம் வந்தால் போதும், பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் விற்பவரைக் கூப்பிடுவார்கள்.

அன்று அப்படி ஒன்று வந்தபோது பிரகதிதான் முதலில் கூப்பிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக மரம் வெட்டுகிறவள். நாளை மறுநாள் சாயங்காலம் புயல் கரையைக் கடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். முந்நூறு பேரைத் தங்கவைக்கப்போகும் பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு கிழட்டுத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்துகொண்டு நின்றது. அதை மைதானத்துப் பக்கம் விழவைப்பதாகப் பஞ்சாயத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள். அவளிடம் இருந்த ரம்பத்தில் பொள்ளாச்சிக்காரர் ஒருவரின் கை இருந்தது. தென்னை என்றால் வெண்ணெய், வேறு மரம் என்றால் திணறல். சாய்ந்த பெருமரம் தெரிந்த ஒரு கை உடனே வேண்டும்.

விளம்பரத்தில் 'ஒன்பதாயிரம் மணி நேரம், எல்லா மரமும்' என்று இருந்தது. அதைப் படித்ததும் பிரகதி கிளம்பிவிட்டாள். தன் ஸ்கூட்டரில் நிறைய முடிச்சு விழுந்த ஒரு புளியங்கட்டையைக் கட்டிக்கொண்டு அறந்தாங்கிக்குப் பறந்தாள். விற்பவர் காட்டும் கட்டையில் சோதிக்கக் கூடாது என்பது இந்த வியாபாரத்தின் பாலபாடம். ஒரே கட்டையை நூறு தடவை அறுத்துப் பழக்கிவிட்டு விற்கும் எமகாதகர்கள் இருந்தார்கள்.

விற்கும் அப்சல் ஒரு தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்க வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்கக்கா. மணமேல்குடியிலேர்ந்து தீபன்னு ஒருத்தரு கெளம்பிட்டாராம், சீக்கிரம் பாத்துருங்க. மச்சான் வெளிநாடு போறப்ப குடுத்துட்டுப் போனது. இத எந்தப் பக்கம் புடிக்கணும்னுகூட எனக்குத் தெரியாது."

ரம்பத்தின் மேலுறை புதுசு, மோட்டார் புதுசு, சங்கிலி புதுசு. சில்லு மட்டும் பழசு. பிரகதி கட்டையைக் கிடத்தி, கண்ணாடி மாட்டிக்கொண்டு அறுத்தாள். துண்டு விழுந்தது. அவள் முகமும் விழுந்துவிட்டது.

"தம்பி, இது வெத்து ரம்பம்."

"என்னக்கா சொல்றீங்க? ஒம்பதாயிரம் மணி நேரம் காட்டுதே!"

"மணி நேரத்த யாரு வேணா ஏத்தலாம். இன்னொருத்தர் கைன்னா இழுக்கணும்ல? மொத நாள் தோள்பட்டையே கழண்டு போற மாதிரி இழுக்கும். இது இழுக்கவே இல்ல."

அப்சலுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பொய்யன் என்று பேர் வாங்க அவர் தயாராக இல்லை.

"கண்ணாடியக் குடுங்க. நானே அறுத்துக் காட்டுறேன்."

அவள் தடுப்பதற்குள் ரம்பத்தைத் தூக்கிவிட்டார். தூக்கியவரின் முழங்கை தானாக உள்ளே ஒடுங்கியது, கால்கள் அகன்றன. ரம்பம் கட்டைக்குள் இறங்கியது, முடிச்சுக்கு முன்னால் ஒரு கணம் நிதானித்தது, ஓரமாகப் போய் முடிச்சைப் பின்பக்கமாகப் பிடித்தது. கடைசி அங்குலத்தில் லேசாக மேலே ஏறியது. துண்டு சத்தமில்லாமல் கழன்றது.

"யக்கா! நானா அறுத்தேன்?" அப்சல் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிரகதி, தான் அறுத்த துண்டையும் அவர் அறுத்த துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் முடிவில் அதே சின்ன ஏற்றம். பத்தொன்பது வயதில் முந்திரி மரத்திலிருந்து விழுந்து, சரியாகக் கூடாமல் போன அவளுடைய இடது மணிக்கட்டு போடும் ஏற்றம் அது. சில்லின் முதல் பதிவுத் தேதியைத் தட்டிப் பார்த்தாள். அவள் தன் முதல் ரம்பத்தை வாங்கிய அதே மாதம், அதே வருஷம். கை வியாபாரம் சூடுபிடித்த புதிதில், 'பேரு வாங்குன ஆளோட கையா வாங்கு' என்று எல்லாரும் சொன்னதைக் கேட்டு, பத்து வருஷத்துக்கு முன்னால் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட ரம்பம்! இழுக்காததற்குக் காரணம் இதுதான். அவள் கை அவளை ஏன் இழுக்கப்போகிறது?

சந்தோஷத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது. இப்போது அறுத்தது நானா, அதுவா?

கைநினைவை அணைத்தாள். கட்டையில் இன்னும் ஒரு வெட்டுக்கு இடமிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினாள். முடிச்சு, நிதானம், ஓரம், ஏற்றம். துண்டு விழுந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். பத்து வருஷமாகத் தன்னிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது தன்னோடேயே இருந்திருக்கிறது!

"இது என் கை தம்பி. எனக்கு எதுக்கு இது? வர்றவருக்கே குடுத்துருங்க."

அப்சல் கெட்டிக்காரர். "அப்பன்னா விளம்பரத்துல உங்க பேரப் போட்டுக்கவாக்கா? வெல ஏறும்ல?"

"தாராளமா போட்டுக்கங்க."

அன்றைக்கே கடைவீதியில் ஒரு புது வெற்று ரம்பம் வாங்கினாள். கடைக்காரர், வீட்டில் என்ன கஷ்டமோ என்று நினைத்து விலையைக் குறைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஊரே நின்றது. மைதானத்துப் பக்கம் மரத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டி, எதிர்ப்பக்கத்திலிருந்து உள்ளே போனாள். நடுவில் இரண்டு விரல் கனம் மட்டும் அறுக்காமல் விட்டாள். மரத்தில் கட்டியிருந்த கயிற்றை மைதானத்தில் நின்றவர்கள் இழுத்தார்கள். மரம் ஒரு முறை முனகியது, கூரைக்கு எதிர்த்திசையில் திரும்பி மைதானத்தில் படுத்தது. ஓட்டில் ஒரு கீறல் இல்லை. ஊர் கைதட்டியபோது அவளும் சேர்ந்து தட்டினாள்.

அவள் வேர்வை துடைப்பதற்குள் கைபேசியில் முப்பத்தொரு அழைப்புகள். எல்லாருக்கும் ஒரே கேள்வி, அந்தப் புது ரம்பம் விற்பனைக்கா? எங்கள் மரத்தையும் வந்து வெட்டித் தாருங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முப்பத்திரண்டாவது அழைப்பு மணமேல்குடித் தீபனுடையது.

"அக்கா, உங்க பேரப் பாத்துத்தான் ரெண்டு மடங்கு குடுத்து வாங்குனேன். வெட்டு பிரமாதம். ஆனா கடைசில மேல தூக்குது பாருங்க, என் எடது மணிக்கட்டு வீங்கிப் போச்சு. இத எப்படிக்கா சரி பண்றது?"

பிரகதி தன் இடது மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்கே இன்னும் சரியாகல தம்பி. வெந்நி ஒத்தடம் குடுங்க."