வெறும் டப்பா

காலி டப்பாவை அலம்பித் துடைத்துக் கவிழ்த்தபோதுதான் சுபாஷிணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. யாரோ முறுக்கை நிதானமாக மென்றுகொண்டிருந்தார்கள். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் வாயிலும் ஒன்றும் இல்லை.

டப்பா ஜ்யோத்ஸ்னாவுடையது. மூடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பா. ஆபீஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, சரோஜினி நகரில் அவள் கீழ்வீடு, இவள் மாடி. பிரமோஷன் மட்டும் அவளுக்கு. பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்துக் கிளம்பும்போது டப்பா நிறைய முறுக்கு கொடுத்துவிட்டுப் போனாள். அவள் பேரை ஆபீஸில் யாராவது மெச்சிய நாளெல்லாம் சுபாஷிணி வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தின்றாள். தீரத் தீர மிக்சர் வாங்கி நிரப்பினாள். பசியே இல்லை, வெறும் வயிற்றெரிச்சல். சர்க்கரை ஏறுகிறது, வாயைக் கட்டுங்கள் என்றார் டாக்டர். இந்த டப்பா வீட்டைவிட்டுப் போனால் கட்டிவிடலாம் என்று இவளும் நம்பினாள்.

மத்தியானம் ஜ்யோத்ஸ்னாவே போன் செய்திருந்தாள்.

"சாயங்காலம் அந்தப் பக்கம் வரேன்டி சுபா. அம்மா சீருக்குக் குடுத்த டப்பா, எடுத்துண்டு போயிடறேன்."

"அச்சா, வா."

வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. அதுவும் இவளிடமா!

ஜனவரி மூட்டம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்க, கீழே காவலுக்கு இருந்த சௌக்கிதார் மூட்டிய கட்டைப் புகை சமையலறை வரை ஏறிவர, கரண்ட் போன இருட்டில் மெழுகுவர்த்தியை ஏற்றி, ஒரு டம்ளர் சர்க்கரையைக் கொட்டி மூடினாள். உள்ளே மெல்லும் சத்தம். திறந்தாள். துடைத்து வைத்தது போல் இருந்தது டப்பா.

அரிசி போட்டாள். மூடினாள். சத்தம். காலி.

துவரம்பருப்பு. காலி. தனக்கென்று ஒளித்து வைத்திருந்த எள் ரேவடி மிட்டாய். அதுவும் காலி.

அந்த மெல்லல் அவளுக்குத் தெரிந்ததுதான். வலது கடைவாயில் அரைத்து, நடுவில் ஒரு சின்னப் பெருமூச்சு. சுபாஷிணியே தின்கிற விதம் அது.

கீழே கார்க் கதவு சாத்தும் ஓசை. மகாராணிக்குக் கார் வேறு! அந்த நேரத்திலும் நெஞ்சு எரிந்தது.

அலமாரி காலி. ஃபிரிட்ஜ் காலி. படியில் செருப்புச் சத்தம்.

ஜ்யோத்ஸ்னா கதவைத் தட்டினாள்.

"சுபா, நான்தான்! டப்பால ஒண்ணும் போடாதேடி, என்ன?"

ஒன்றும் போடாமலா? போய் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரிக்கவா?

சுபாஷிணி வளையல்களைக் கழற்றி மேடையில் வைத்தாள். கையை டப்பாவுக்குள் விட்டாள். மணிக்கட்டு. முழங்கை. அடி தட்டுப்படவில்லை.

மெல்லும் சத்தம். வலிக்கவில்லை.

"இருடி, வரேன்," என்றாள். தோளை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு, அவளுக்கு வயிறு நிறைந்துகொண்டு வந்தது.