ஆறாவது வரி

"ஐயோ...!"

பட்டாபிராம் பெயின்ட் கடைக்குள்ளிருந்து அலறல். திங்கட்கிழமை, மாலை ஐந்தரை.

கடைக்காரர் சம்பந்தம் தலை பிளந்து கிடந்தார். பின்வாசல் வழியே ஒருவன் ஓடிப்போய் ரயிலேறினான். அந்த வாசலுக்கு எதிரே பூ கட்டிக்கொண்டிருந்த கமலம் அவனைப் பார்த்தாள்.

போலீஸ் அவளை விசாரித்ததா? அதற்கெல்லாம் நேரம் ஏது!

அதே ஐந்தரைக்கு, போர்டு எழுதும் துலுக்கானம் எங்கிருந்தான் தெரியுமா?

காவல் நிலையத்தில்!

"பைக் திருட்டு, விசாரிக்கணும்" என்று காலையிலேயே இன்ஸ்பெக்டர் ஹேமநாதன் அவனைத் தூக்கி வந்திருந்தார். பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. திருடுபோன பைக்கும் இல்லை! பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார்... சுவரில் ஒரு போர்டு வேண்டும். அதுவும் ஓசியில்!

'கைது செய்யப்பட்டவரின் உரிமைகள்.' அடியில் இன்ஸ்பெக்டர் பெயர், பெரிய எழுத்தில்!

சிரிக்காதீர்கள் கண்ணுங்களா. பாவம், பட்டினி வயிற்றோடு எழுதினான்.

எழுதி முடித்தும் விடவில்லை. செவ்வாய் காலை ஹேமநாதன் மீசையைத் தடவிக்கொண்டே வந்தார்.

"போன வாரம் சம்பந்தத்தோட நடுரோட்ல கட்டிப் புரண்டியாமே? நீதான்டா கொன்னே."

"இன்னா சார் இது! நான் இங்கதான கீறேன்! நீங்கதான இட்டுகினு வந்தீங்க!"

"யாரு சொன்னது? இன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு, ரயில்வே கேட்டாண்ட திருதிருன்னு முழிச்சிட்டிருந்தே. பிடிச்சோம். ஜட்ஜம்மா முன்னால வாயைத் தொறந்தே... உன் பொண்டாட்டி குப்பம்மா மேலயும் கேஸ்!"

துலுக்கானம் சுவரில் தான் எழுதிய போர்டைப் பார்த்தான். கொலைக் கேஸ்... ஆயுசுக்கும் உள்ளே!

"வக்கீல் வோணும் சார்."

"எவன்டா சொல்லிக்கொடுத்தான்?"

"நான்தான் எய்தினேனே சார். ஆறாவது வரி."

பளார்!

பிற்பகல். பூந்தமல்லி கோர்ட்.

"உங்களை எப்போ பிடிச்சாங்க?" மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார். "வக்கீல் இருக்காங்களா?"

ஹேமநாதன் முறைத்தார். துலுக்கானம் தலையைக் குனிந்தான்.

வாசலிலிருந்து ஒரு குரல்.

"சொல்லுய்யா! என்னிய இன்னா பண்ணிடுவாங்க?"

குப்பம்மா! அவளையும் போலீஸ் மிரட்டியிருந்தது.

துலுக்கானம் நிமிர்ந்தான். "நேத்து காலீலயே புட்சாங்கம்மா. வக்கீல் வோணும்மா!"

இலவசச் சட்ட உதவி வக்கீல் மதிவதனி வந்தாள். அவனிடம் ஐந்தே நிமிடம் பேசினாள். திரும்பியபோது கையில் ஃபோன்.

"அம்மா, இது இன்ஸ்பெக்டர் சார் நேத்து சாயங்காலம் அஞ்சு முப்பத்தஞ்சுக்கு முகநூல்ல போட்ட படம். 'மக்கள் உரிமையே எங்கள் மூச்சு'ன்னு எழுதியிருக்கார்."

படத்தில், போர்டின் மேல் கை வைத்து இளிக்கிறார் ஹேமநாதன். ஓரத்தில் பிரஷ்ஷோடு துலுக்கானம். மேலே சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தரை. போர்டின் மூலையில், தொழில் வழக்கப்படி, எழுதியவன் பெயரும் தேதியும்... ஈரம்கூடக் காயவில்லை!

மாஜிஸ்திரேட் அம்மா ஃபோனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கொலை அஞ்சரைக்குன்னு உங்க காகிதமே சொல்லுது இன்ஸ்பெக்டர். அப்போ இவர் உங்க ஸ்டேஷன்ல! கொன்னவன் எங்கே? அக்கம்பக்கத்துல யாரையாவது கேட்டீங்களா?"

"அது... வந்து..."

"ரிமாண்ட் கிடையாது. இவரை இப்பவே விடுங்க. நீங்க எழுத்துல பதில் சொல்லணும்."

ஹேமநாதனின் மீசை தொங்கியது.

"அந்தப் போர்டை ஒரு தடவையாவது படிச்சீங்களா?"

துலுக்கானம் கன்னத்தைத் தடவிக்கொண்டே முந்தினான்.

"எங்க படிச்சாரும்மா! அவரு பேரு பெருசா கீதான்னுதான் பாத்தாரு!"