ஒரு பொட்டு குறைகிறது

குக்கர் மூடியில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. அவள் ஒட்டவில்லை.

விரல் நகம் அகலத்துக்கு, வட்டமான காகிதப் பொட்டு. அவள் மருந்துக் கிடங்கு ஒன்றில் பதினோரு வருடமாக இருப்புப் பார்க்கிறவள். அங்கே பச்சை ஒட்டினால் பெட்டி வண்டி ஏறும், சிவப்பு ஒட்டினால் இருந்த இடத்திலேயே இருக்கும், நடுவில் எந்தக் கொம்பனும் வாயைத் திறக்கக் கூடாது. வீடு மாற்றுகிற வேலைக்கும் அதே சட்டம்தான். கூட வருகிற எல்லாவற்றுக்கும் பச்சை. வீட்டுக்காரம்மாவுக்குச் சொந்தமான மின்விசிறிகள், கண்ணாடி பதித்த அலமாரி, வாசலோரச் செருப்புத் தட்டு, இவற்றுக்கு மட்டும் சிவப்பு. லாரிக்காரர் காலையில் மாடிப்படி ஏறி வந்ததுமே அவரை நிறுத்திவைத்துப் பாடம் எடுத்துவிட்டாள். சிவப்பு இருந்தால் தொடக் கூடாது. யார் சொன்னாலும் தொடக் கூடாது. நானே வந்து சொன்னாலும் தொடக் கூடாது. அவர் சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டினார். பின்னால் நின்ற கணவன், தனக்கு என்ன கலர் என்று கேட்டான். அதிகம் பேசினால் சிவப்பு என்றாள்.

ஆக, குக்கரில் சிவப்பு வர வழியே இல்லை. நகத்தால் சுரண்டினாள். பொட்டு லேசில் வரவில்லை, வந்தபோது அடியில் பசை ஈரமாக நின்றது, கொஞ்சம் பூஞ்சை வாடை வேறு. சிட்டு வேலைதான் என்று முடிவு கட்டினாள். ஆறு வயது, கை சும்மா இருக்காது. கூடத்தில் காலி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அதன் சுவரில் ஜன்னல் வரைந்துகொண்டிருந்த மகளைப் பிடித்து ஒரு அதட்டல் போட்டாள். சிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, நான் தொடவே இல்லை என்றது. கையெல்லாம் நீல மை. குக்கர் மூடியில் நீலம் ஒரு துளி இல்லை. அதைக் கவனித்தாள். கவனிக்காதது போல அடுத்த பெட்டிக்குப் போனாள்.

மேகம் மூடிய பகல். திரைகளைக் கழற்றி மடித்தாயிற்று, ஆனாலும் வெளிச்சம் உள்ளே வர யோசித்துக்கொண்டு ஜன்னலோரத்திலேயே நின்றது. சாமான் குறையக் குறைய வீட்டுக்குக் குரல் வந்தது. நாடாவைக் கிழிக்கிற சத்தம் கூடத்தில் கிளம்பி சமையலறையில் முட்டித் திரும்பியது, இருமினால் படுக்கையறையும் இருமியது, அட்டைப்பெட்டி வாசனையும் அலமாரிக்கு அடியில் ஏழு வருடம் கிடந்த தூசியும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றன. நடுவில் வீட்டுக்காரம்மா ஒரு தடவை மேலே வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனாள். நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. படுக்கையறைப் பக்கம். சர்க்.

தாளிலிருந்து பொட்டை உரிக்கிற சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். கணவனும் லாரிக்காரரும் கீழே கட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிட்டு அவள் கண்ணெதிரே பெட்டிக்குள் இருந்தது. பொட்டுத் தாள்கள் படுக்கையறையில், அவள் கைப்பைக்குள் இருந்தன. எலியாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எலி பொட்டு உரிக்குமா என்று மனம் திருப்பிக் கேட்டது.

மூன்று மணிக்கு மேல் லாரிக்காரர் வாசலில் நின்று, இன்னும் பதினைந்து இருபது சாமான் உள்ளே இருக்கிறதே, அதெல்லாம் வேண்டாமா என்று கேட்டார். அவள் போய்ப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலிகள், இஸ்திரிப் பெட்டி, தையல் மிஷின், தண்ணீர் டிரம், இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பொட்டு. நறுக்காக, ஒரே உயரத்தில், அவள் ஒட்டுகிற மாதிரியே வலது மேல் மூலையில்.

அவளுக்குச் சுருக்கென்றது. எடுங்கள் என்றாள். அவர் அசையவில்லை, நீங்களே சொன்னாலும் தொடக் கூடாது என்றீர்களே என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. உரித்துப் போட்டு, பச்சை ஒட்டி, அவளே தூக்கிக்கொண்டுபோய்ப் படியில் வைத்தாள். உரித்த சிவப்புகளைக் கசக்கி எறிய மனம் வராமல் பழைய நோட்டின் அட்டையில் வரிசையாக ஒட்டிவைத்தாள். கிடங்குப் புத்தி, எங்கே போகும்.

அது இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று எழுதிய நோட்டு. கொண்டுவந்த சாமான் அறுபத்து நான்கும் அவள் கையெழுத்தில் அதில் இருந்தன. கல்யாணமாகி ஆறு மாதம் அப்போது. மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு இந்த நோட்டை மார்போடு அணைத்தபடி படியேறியவள், படியில் விளையாடிய எதிர்வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு முறை முறைத்தாள், அதுகள் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. குழந்தைகள் என்றாலே அந்தக் காலத்தில் அவளுக்கு ஆகாது. கணவன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சுடிதார்கூட எப்போதோ நைந்து தரை துடைக்கப் போய்விட்டது.

நோட்டில் குக்கர் இல்லை. நாற்காலி இல்லை. இஸ்திரிப் பெட்டி, மிஷின், டிரம் எதுவும் இல்லை.

எல்லாம் பிறகு வாங்கியவை. இந்த வீட்டுக்கு வந்தபின் சேர்ந்தவை.

முந்தாநாள் வாயை விட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. படுக்கையறையின் மேற்குச் சுவர் ஓயாமல் ஈரம் கக்குகிற சுவர். அதில் பதித்த அலமாரியைக் காலி செய்யும்போது கல்யாண ஆல்பம் கையில் வந்தது. பூஞ்சை தின்று, படத்துக்குப் படம் அவள் முகம் இருந்த இடத்தில் கறுப்பு. நீங்கள் குடியிருந்ததால்தான் என் சுவர் கெட்டது என்று வீட்டுக்காரம்மா அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள். அவளிடம் காட்ட முடியாத கோபத்தைச் சுவரிடம் காட்டினாள். கையால் ஓங்கி ஒரு அறை அறைந்து, "இந்தா பாரு, நான் கொண்டு வந்ததை எடுத்துட்டுப் போறேன். இங்க வந்தப்புறம் சேர்ந்தது ஒரு துரும்புகூட எனக்கு வேண்டாம். எல்லாத்தையும் நீயே வச்சுக்கிட்டுக் கிட" என்றாள். உள்ளங்கையில் ஈரம் ஒட்டியது.

இப்போது அந்தச் சுவர்ப் பக்கமிருந்து சர்க் என்றது. மறுபடி. சர்க்.

பைத்தியக்காரத்தனம் என்று திட்டிக்கொண்டே ஒரு சோதனை செய்தாள். நோட்டில் இருக்கிற பித்தளைச் செம்பு ஒன்று, போன வருடம் வாங்கிய வாணலி ஒன்று, இரண்டையும் சமையல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நின்றாள். இருபது வரை எண்ணினாள். திறந்தாள். செம்பு சும்மா இருந்தது. வாணலியில் சிவப்பு.

போகட்டும், வாணலிதானே, நீயே வைத்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். கூடத்தில், செருப்புத் தட்டுக்குக் கீழே, சிட்டுவின் செருப்புகள் ஜோடியாக இருந்தன. இடதில் ஒன்று. வலதில் ஒன்று. பக்கத்தில் பள்ளிக்கூடப் பையில் ஒன்று. தண்ணீர் பாட்டிலில். தலையணையில். பல் துலக்கும் பிரஷ்ஷில் ஒன்று, அவ்வளவு ஒல்லியான காம்பில், மடித்து, அழகாக.

இந்த வீட்டில் சேர்ந்தது. சிட்டுவும் இந்த வீட்டில்தான் பிறந்தது.

படுக்கையறைக்கு ஓடினாள். வெற்று அறை, ஈரச் சுவர், மூலையில் அவள் கைப்பை வாயைத் திறந்தபடி. "பேச்சுக்குச் சொன்னேன். கோபத்துல சொன்னேன். அதுக்கு ஒண்ணும் அர்த்தமில்ல" என்றாள் சுவரிடம். பிறகு கெஞ்சினாள். நாற்காலி, மிஷின், எல்லாவற்றையும் எடுத்துக்கொள், என் பிள்ளையை விட்டுவிடு என்றாள். அவள் குரல் மட்டும் திரும்பி வந்தது. சுவரின் ஈரத்தில் அவள் அறைந்த கையின் அச்சு அப்படியே இருந்தது. அதன் விரல்கள் இப்போது கொஞ்சம் நீளமாக இருந்தன.

சிவப்புத் தாளை எடுத்துப் பார்த்தாள். தாளில் முப்பத்தாறு இடம். எல்லாமே காலி. அவள் ஒட்டியது ஒன்பது. மிச்சம் இருபத்தேழு இருக்க வேண்டும். சிட்டுவின் சாமானிலிருந்து உரித்தாள், வாணலியில் உரித்தாள், நோட்டு அட்டையில் ஒட்டியதையும் சேர்த்து எண்ணினாள். இருபத்தாறு. மறுபடி எண்ணினாள். இருபத்தாறு.

ஒன்று குறைகிறது.

சிட்டுவைப் பெட்டிக்குள்ளிருந்து தூக்கினாள். சட்டையைக் கழற்றினாள். முதுகு. அக்குள். காதுமடலுக்குப் பின்னால். முடியைப் பிரித்துப் பிரித்து உச்சந்தலை. உள்ளங்கால். கூச்சத்தில் சிட்டு சிரித்தது, பிறகு அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தியது. பொட்டு இல்லை. எங்கேயும் இல்லை.

இன்னும் ஒட்டவில்லை. அப்படியென்றால் நேரம் இருக்கிறது.

பச்சைத் தாளில் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அதை உரித்து சிட்டுவின் நெற்றியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். வலிக்குதும்மா என்றது. வலிக்கட்டும். சட்டையை மாட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கூடம் நீளமாக இருந்தது. ஏழு வருடத்தில் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. பின்னால் ஈர வாடை. கழுத்தின் பின்னால் ஜில்லென்று ஒரு மூச்சு.

வாசலுக்கு வெளியே கணவன் நின்றிருந்தான், எவ்வளவு நேரம் என்றான். அவள் சிட்டுவை அவன் கையில் திணித்தாள். கழுத்தைக் கட்டியிருந்த சின்னக் கைகள் பிரிய மாட்டேன் என்றன. ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். சிட்டுவின் கால் வாசற்படியைத் தாண்டியது. தாண்டிவிட்டது. பிள்ளை வெளியே போய்விட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா தோளில் படியிறங்கிக்கொண்டே சிட்டு திரும்பிப் பார்த்தது.

"அம்மா, உன் கழுத்துக்குப் பின்னால ஒரு சிவப்பு ஒட்டியிருக்கு."

கையைக் கொண்டுபோனாள். பின்கழுத்தில், முடி தொடங்குகிற இடத்துக்குக் கீழே, வலது பக்கம். நறுக்காக. சுரண்டினாள். நகத்துக்கு விளிம்பே தட்டுப்படவில்லை. தோலோடு தோலாக இருந்தது.

வாசற்படிக்கு வெளியே காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். வரவில்லை.

சமையலறையிலிருந்து கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரிக்காரர் அவளைத் தாண்டிப் போனார். அண்ணா, ஒரு கை கொடுங்க என்று கையை நீட்டினாள். அவர் வெளியே நின்று திரும்பினார். அவள் கையைப் பார்த்தார். கழுத்தை எட்டிப் பார்த்தார்.

"நீங்களே சொன்னாலும் தொடக் கூடாதுன்னு சொன்னீங்களேக்கா" என்றார். இறங்கிப் போனார்.

படுக்கையறையில் காலடி கேட்டது.

யாரோ நடந்து வந்தார்கள். அவசரமில்லாத நடை. மஞ்சள் சுடிதார். மடிப்புக் கலையாத புத்தம்புது மஞ்சள். மார்போடு அணைத்த நோட்டு. நரை விழாத தலை, பிள்ளை தூக்காத இடுப்பு. ஏழு வருடத்துக்கு முன்னால் இந்தப் படியேறி வந்தவள். சிட்டுவுக்கு முந்தையவள். இவளை ஒரு சாமானைப் பார்க்கிற மாதிரி ஏற இறங்கப் பார்த்து, பொட்டைப் பார்த்து, சரி என்று தலையசைத்து, தோளை உரசிக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள். உரசிய இடம் சுவர் மாதிரி ஈரமாக இருந்தது.

கீழே கணவனின் குரல் கேட்டது. "எல்லாம் எடுத்தாச்சா?"

அவளுடைய குரலே பதில் சொன்னது. "என்னுது எல்லாம் எடுத்தாச்சு."

கதவு சாத்திக்கொண்டது.

கூடத்து ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடியில் அடித்தாள். சிட்டு என்று கத்தினாள். காலையிலிருந்து எதைப் போட்டாலும் திருப்பி எறிந்த வீடு இப்போது ஒரு சத்தத்தையும் திருப்பித் தரவில்லை. அவள் காதுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

கீழே, தெருவின் எதிர்ப்பக்கம் லாரி, முன் கதவு திறந்தபடி. கணவன் பின்னால் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முன் சீட்டில் மஞ்சள், பக்கத்தில் ஓரமாக ஒடுங்கி சிட்டு. சிட்டு மேலே ஜன்னலைப் பார்த்தது. பார்த்துவிட்டது. கையை நீட்டி, வாயைத் திறந்து, அம்மா, அம்மா.

மஞ்சள் உடுத்தவள் மேலே பார்க்கவில்லை. மடியிலிருந்த நோட்டைப் புரட்டினாள். முதலிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள், மாறி ஏறிவிட்ட பெட்டியைப் பார்க்கிற மாதிரி.

குனிந்தாள். சிட்டுவின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். நெற்றியிலிருந்த பச்சைப் பொட்டை நகத்தால் கீறி உரித்து, வெளியே சுண்டிவிட்டாள்.