இன்னும் பதினேழு நாள்

சோடாவுக்குப் பயம் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது.

சோடா என்பது அவளுடைய நிஜப் பெயர் அல்ல. சோடா பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் மூன்றாம் வகுப்பில் யாரோ வைத்த பட்டம். முதலில் அழுதாள். பிறகு பழகிவிட்டது. இப்போது பதினொரு வயதில், வேறு பெயரில் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அவள் வீட்டு வளாகத்தில் இரண்டு கட்டடங்கள் எதிரெதிரே நின்றன. அவர்கள் வீடு மூன்றாம் மாடியில். வாயில் பிரஷும் கழுத்தில் கேமராவுமாகப் பால்கனியில் நின்று, எதிர்க் கட்டடத்துப் புறாக்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை புதுக் கேமரா வாங்கியபோது பழையதை இவளுக்குக் கொடுத்திருந்தாள். அதில் கிட்டத்தில் இருப்பதை எடுக்கும் சின்ன லென்ஸ்தான் இருந்தது. படத்தில் புறாக்கள் மிளகு மிளகாகத்தான் விழும்.

அன்றும் அப்படித்தான் விழுந்தன. ஆனால் ஒரு புறாவுக்குப் பக்கத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றும் விழுந்திருந்தது.

ஐந்தாம் மாடி ஜன்னலுக்கு மேலே, மழை உள்ளே வராமல் இருக்க நீட்டிக் கட்டியிருந்த சிமெண்ட் பலகை. அது சுவரோடு சேரும் இடத்தில் அந்தக் கோடு ஓடியது.

சோடா படத்தைப் பெரிதாக்கினாள். கோடு கலங்கிப்போனது. அம்மாவின் போனில் எடுத்துப் பார்த்தாள். அது அதைவிடக் கலங்கல்.

பிறகு அந்தப் பலகைக்கு நேர் கீழே பார்த்தாள்.

கீழே ஒரு கல் பெஞ்சு. பெஞ்சில் ஆறு குட்டிப் பிள்ளைகள் பள்ளி வேனுக்காகக் காத்திருந்தார்கள். ஓரத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், ஒன்றாம் வகுப்பு படிக்கும் அவளுடைய தம்பி.

"அப்பா! எதிர் பில்டிங்ல விரிசல் விட்டிருக்குப்பா!"

அப்பா பேருந்து ஓட்டுநர். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலே பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"படத்துல இருக்குப்பா. சின்ன லென்ஸ்ங்கிறதால சரியாத் தெரியல. அந்த ஜூம் லென்ஸ் இருந்தா..."

அப்பாவின் முகம் சட்டென்று மாறியது. சிரிப்பை அடக்குகிற முகம்.

"ஓ! அப்படி வர்றியா நீ?"

இந்த ஜூம் லென்ஸைப் பற்றி வீட்டில் போன வாரம்தான் பெரிய பேச்சு நடந்திருந்தது. தெருமுனைக் கேமராக் கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த லென்ஸ் அது. சோடா இரண்டு வருடமாகச் சேர்த்த பணமும், அம்மா தையல் கடைச் சம்பளத்தில் ஒதுக்கிய பணமும் பிஸ்கட் டப்பாவில் இருந்தன.

"இப்பவே வாங்கிடலாம். அப்புறம் தீர்ந்துபோச்சுன்னு சொல்லுவாங்க" என்றாள் அம்மா.

"எதுக்கு? விடுமுறைத் தள்ளுபடி வரப்போகுது. மூணுல ஒரு பங்கு விலை குறையும். இவ்வளவு நாள் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா என்ன?" என்றார் அப்பா.

கடைசியில் சோடாவே, "காத்திருக்கலாம்பா" என்று தலையாட்டியிருந்தாள். தள்ளுபடி தொடங்க இன்னும் பதினேழு நாள் இருந்தது.

"லென்ஸ் சீக்கிரம் வேணும்னா நேராக் கேளு. அதுக்காகக் கட்டடத்தை எல்லாம் உடைக்காதே" என்று அவள் தலையைத் தட்டிவிட்டு அப்பா கிளம்பினார்.

சோடா கீழே ஓடினாள். அலுவலக அறையில் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் தண்ணீர்த் தொட்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், அஞ்சாவது மாடில விரிசல்!"

"அது மழைக் கறைம்மா. ரெண்டு வருஷமா இருக்கு."

"கறை இல்ல அங்கிள். கறுப்பா, நீளமா..."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் பாரு. அதுல கீறல் இருக்கும்."

"அந்த வீட்டு ஜன்னலைத் திறந்து பார்த்தா தெரியுமே?"

"வீடு பூட்டியிருக்கு. ஆள் ஊர்ல இல்ல. போ, ஸ்கூலுக்கு நேரமாச்சு."

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கீறல் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரவில் படுத்தால், பக்கத்து வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம்கூட ஏதோ விழுகிற சத்தமாகக் கேட்டது. போர்வைக்குள் இருந்து கையை நீட்டித் தம்பி இருக்கிறானா என்று தொட்டுப் பார்ப்பாள்.

அதைவிட மோசமான ஒரு பயமும் இருந்தது. ஒருவேளை அப்பா சொன்னதுதான் சரியோ? லென்ஸ் மேல் இருக்கும் ஆசையில், இல்லாத விரிசல் என் கண்ணுக்குத் தெரிகிறதோ?

இருக்கிறதோ இல்லையோ, தம்பியை அந்தப் பெஞ்சில் உட்கார விட அவளால் முடியவில்லை. மறுநாள் அவளும் கீழே இறங்கி வந்தாள்.

"பெஞ்சுல உட்காராதீங்க. அடியில சிவப்பு எறும்பு இருக்கு."

ஆறு தலைகள் பெஞ்சுக்கு அடியில் குனிந்தன.

"ஒண்ணைக்கூடக் காணோமே?" என்றான் தம்பி.

"வேலைக்குப் போயிருக்கும். சாயங்காலம் வந்துடும்."

அந்தப் பொய் ஒரு நாள்தான் தாங்கியது. அடுத்த நாளிலிருந்து வாசல் கதவருகே ஓட்டப் பந்தயம் வைத்தாள். அதற்கடுத்து ஒற்றைக் காலில் நிற்கும் போட்டி. பிள்ளைகள் பெஞ்சை மறந்தார்கள். ஆனால் மாலையில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மதியம் முழுவதும் வாட்ச்மேன் தாத்தா அங்கேதான் ரேடியோ கேட்டார். உலகத்தில் உள்ள எல்லோரையும் ஒற்றைக் காலில் நிற்கவைக்க அவளால் முடியுமா?

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை. இரண்டு நாளாகப் பலமான காற்று. சோடா முதல் ஆளாகக் கீழே வந்தாள். பெஞ்சின் மேல், தம்பி எப்போதும் உட்காரும் ஓரத்தில், கட்டை விரல் அளவுக்கு ஒரு சிமெண்ட் துண்டு கிடந்தது.

எடுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் அழுக்கு. மறுபக்கம் புத்தம் புதிதாக உடைந்த வெள்ளை.

செயலாளரிடம் கொண்டு போனாள்.

"பசங்க யாராவது எறிஞ்சிருப்பாங்க" என்றார் அவர்.

அன்று பள்ளியில் என்ன பாடம் நடந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. தள்ளுபடிக்கு இன்னும் எட்டு நாள். எட்டு நாள் நான் காத்திருப்பேன். அந்தப் பலகை காத்திருக்குமா?

பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிக் கேமராவை எடுத்துக்கொண்டு நேராகத் தெருமுனைக் கடைக்குப் போனாள்.

கேமராக் கடையை நடத்தியது ஒரு அக்கா. வாசலில் பெரிய அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்: விடுமுறைத் தள்ளுபடி விரைவில்!

"வாம்மா. லென்ஸ்தானே? அடுத்த வெள்ளிக்கிழமை வா. இப்ப வாங்கினா உனக்குத்தான் நஷ்டம்."

"வாங்க வரலக்கா. ஒரே ஒரு படம் எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்."

"அது முடியாதேம்மா. டப்பாவைப் பிரிச்சுட்டா அப்புறம் புதுசுன்னு சொல்லி விக்க முடியாது."

சோடா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வார்த்தைக்குப் பதிலாக அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். விரிசல், பெஞ்சு, தம்பி, எறும்பு, ஒற்றைக் கால். சிமெண்ட் துண்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எனக்கு நிஜமாவே லென்ஸ் வேணும்தான். அதனால யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு. ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சாக்கூடப் போதும்க்கா."

அக்கா சிமெண்ட் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்தாள்.

"இது எல்லாருக்கும் காட்டுறதுக்காக வெச்சிருக்கிற லென்ஸ். தனியாக் குடுத்தனுப்ப மாட்டேன். நானும் வர்றேன்."

'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஓடினார்கள்.

மாலை வெயில் ஐந்தாம் மாடியில் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. பெஞ்சில் வாட்ச்மேன் தாத்தா. பக்கத்தில் அவருடைய ரேடியோ.

அக்கா லென்ஸை மாட்டிக் கொடுத்தாள். சோடா எடுத்த முதல் படம் முழுக்க ஆடிப்போயிருந்தது.

"முழங்கையைச் சுவர்ல ஊனிக்கோ. மூச்சைப் பிடி. இப்ப எடு" என்றாள் அக்கா.

கிளிக்.

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் திரைமேல் குனிந்தன.

கோடு இல்லை அது. பிளவு. ஒரு முனையில் ஒரு விரல் நுழையும் அகலம். உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது. புறாக்கள் கூடு கட்டுவதற்காக அந்தப் பிளவுக்குள் குச்சிகளைச் செருகி வைத்திருந்தன.

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சோடாவுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"தாத்தா! எந்திரிங்க! உடனே எந்திரிங்க!"

"ஏன், இப்பவும் எறும்பா?"

"தாத்தா, ப்ளீஸ்!"

அவள் குரலில் என்ன இருந்ததோ, தாத்தா எழுந்து வந்தார். ரேடியோவை எடுக்கத் திரும்பியவரின் சட்டையைச் சோடா விடவே இல்லை. ரேடியோ பெஞ்சிலேயே பாடிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுச் செயலாளர் வெளியே வந்தார். "என்ன கலாட்டா இங்க?"

சோடா கேமராவை நீட்டினாள். அவர் பார்த்தார். நிமிர்ந்து மேலே பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"கயிறு... யாராவது கயிறு கொண்டு வாங்கப்பா!" என்று கத்தினார்.

அரை மணி நேரத்தில் பெஞ்சைச் சுற்றி அகலமாகக் கயிறு கட்டியாகிவிட்டது. ஒட்டடைக் கம்பை நீட்டி, ரேடியோவின் கைப்பிடியில் மாட்டி இழுத்தார்கள். பிள்ளைகள் இனிமேல் எதிர்ப்பக்கச் சுவரோரம்தான் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொன்னார் செயலாளர். காலையில் பொறியாளர் வருவதாகச் சொன்னார்.

பொறியாளர் வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, வேன் வருகிற நேரம். ஆறு பிள்ளைகளும் எதிர்ச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சோடா தம்பியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்பாவும் கூட நின்றார்.

மேலே புறாக்கள் படபடவென்று எழும்பின. 'கிரீச்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, பூமி அதிர்ந்தது.

வெள்ளைத் தூசி மேகம்போல எழுந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. யாரோ அழுதார்கள். தூசி மெல்ல மெல்ல அடங்கியபோது, கல் பெஞ்சு இருந்த இடத்தில் இரண்டு துண்டுகள் கிடந்தன.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் தூசியைத் தவிர எதுவும் வரவில்லை.

"அக்கா, கை வலிக்குது. விடேன்" என்றான் தம்பி.

அவளால் விட முடியவில்லை. விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அப்பா முழங்காலிட்டு இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"நீ சொன்னப்ப நான் சிரிச்சுட்டேன்" என்றார் அப்பா.

மதியம் ஆட்கள் வந்து மிச்சம் தொங்கியதையும் இறக்கினார்கள். மற்ற ஜன்னல் பலகைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். செயலாளர் சோடா முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைப் பார்க்கணும். உனக்கு நேரம் இருந்தா... கேமராவோட வர்றியாம்மா?"

மாலையில் அப்பா பிஸ்கட் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். "கிளம்பு. லென்ஸ் வாங்கப் போறோம். தள்ளுபடியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

கடையில் அக்கா சிரித்தாள். "நான் விக்கிறவ. இப்ப குடுத்தா எனக்குத்தான் லாபம். ஆனா இன்னும் ஏழே நாள்தான் இருக்கு. என்ன செய்யறதுன்னு நீங்களே சொல்லுங்க."

அப்பா சோடாவைப் பார்த்தார். சோடா அலமாரியில் இருந்த லென்ஸைப் பார்த்தாள். இப்போது அவசரம் எதுவும் இல்லை. பார்ப்பதற்கு அது வெறும் அழகான லென்ஸாக மட்டும் இருந்தது.

"காத்திருக்கலாம்பா" என்றாள். "ஆனா தீர்ந்துபோயிடுமாக்கா?"

அக்கா புது டப்பா ஒன்றை எடுத்து, அதன் மேல் கொட்டை எழுத்தில் 'சோடா' என்று எழுதி, யார் கைக்கும் எட்டாத உயரத்தில் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து சோடா ஒரு நிமிடம் கட்டிலில் சாய்ந்தாள். அவ்வளவுதான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், எழவில்லை. தம்பி காலில் கிச்சுகிச்சு மூட்டினான், எழவில்லை. பக்கத்து வீட்டில் நாற்காலி என்ன, பீரோவையே இழுத்தார்கள். சோடா திரும்பிப் படுத்துக்கொண்டு இன்னும் நன்றாகத் தூங்கினாள்.